பிழையை மறைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே!

புலம்பெயர் மண்ணில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பெற்றோரே, தாதியராகவும் மருத்துவப் பணியாளராகவும் அடியெடுத்து வைக்கும் இளையோரே,

இக்கட்டுரை உங்களிற் சிலருக்குக் கசக்கும். எழுதும் எனக்கும் கசக்கிறது. ஆயினும் எழுதாமல் இருக்க இயலவில்லை.

சனிக்கிழமைகளில் எமது பிள்ளைகளின் உயர்கல்வி விண்ணப்பங்களுக்கும் வேலை விண்ணப்பங்களுக்கும் உதவுவதை ஒரு தொண்டாகச் செய்து வருகிறேன். சென்ற மாரிகாலத்தில் அவ்வாறான ஒரு சனிக்கிழமை, லெ பிளாங்-மெனிலில் வசிக்கும் ஒரு தந்தையார் தனியாக வந்து என் முன்னால் அமர்ந்தார். லா சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபது ஆண்டுகளாக நிற்பவர். அதிகாலைத் தொடருந்தில் போய், நள்ளிரவுத் தொடருந்தில் திரும்பி மகளைத் தாதியாக்கியவர். பட்டயம் பெற்ற நாளில் மண்டபம் எடுத்து விருந்து வைத்தவர்.

"அண்ணை, இவளுக்கு ஏதாவது கொம்பியூட்டர் படிப்பு ஒண்டு பாத்துத் தாங்கோ. ஆஸ்பத்திரி வேலை இனி வேண்டாமாம்."

ஏன் என்று கேட்டேன். நெடுநேரம் பதிலில்லை. பின்னர் மெல்லிய குரலில் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து நான்காம் மாதம். இரவுப் பணி. ஒரு நோயாளிக்கு உரிய, குருதி உறைதலைத் தடுக்கும் குளிசையை அடுத்த கட்டில் நோயாளிக்கு அப்பிள்ளை கொடுத்துவிட்டாள். இரண்டு மணிநேரம் நடுங்கியபடி இருந்துவிட்டு விடியற்புறத்தில் மருத்துவரிடம் சொன்னாள். நோயாளியைக் கண்காணித்தார்கள், குருதிப் பரிசோதனை செய்தார்கள், தீங்கு எதுவும் நேரவில்லை. மேற்பார்வைத் தாதி அவளைக் கடிந்துகொள்ளவுமில்லை. அறிக்கைப் படிவத்தை அருகில் இருந்து நிரப்பச் செய்தார். மருத்துவமனையைப் பொறுத்தவரை விடயம் அத்துடன் முடிந்தது.

வீட்டில் முடியவில்லை. மூன்று மாதங்கள் அப்பிள்ளை உறங்கவில்லை. மருந்துப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கை நடுங்கியது. கடைசியில் தாயிடம் சொன்னாள். தாய் தந்தையிடம் சொன்னார். தந்தை மகளுக்குக் கூறிய ஆறுதல் என்ன தெரியுமா? "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. எங்கட சனத்துக்குத் தெரிஞ்சால் நாளைக்கு உன்ரை கலியாணமும் நடக்காது."

அவர் கெட்டவர் அல்லர். மகளைக் காப்பாற்றுவதாகவே எண்ணினார். ஆனால் அந்த ஒரு வசனத்தில்தான் எமது சமூகத்தின் நோய் முழுவதும் இருக்கிறது. அதனால்தான் அப்பிள்ளையின் அனுமதியுடனும், அடையாளங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது?

நாம் வாய்மூடப் பழகியது சும்மா அல்ல. சோதனைச் சாவடியில் ஒரு வார்த்தை கூடினால் உயிர் போகும் என்ற காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். பிரான்சுக்கு வந்த பின்னரும் அகதித் தஞ்சக் கோரிக்கையில் ஒரு திகதி பிசகினால், ஒரு ஊர்ப்பெயர் முன்பின் முரணானால், "நம்பத்தகுந்ததாக இல்லை" என்று கோவை மூடப்படும் எனக் கண்டவர்கள் நாம். ஒஃப்ரா அலுவலகத்தின் அந்த ஒரு மணிநேர நேர்காணல் எத்தனை குடும்பங்களின் தலைவிதியை எழுதியது! பிழையை ஒப்புக்கொண்டால் அழிவு, ஒப்புக்கொள்ளாவிட்டால் பிழைப்பு. இதுவே எமது அனுபவப் பாடம்.

அந்தப் பாடம் அன்று எம்மைக் காப்பாற்றியது. அதையே இன்று பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறோம். பரீட்சைப் புள்ளி குறைந்தால் உறவினருக்குச் சொல்லாதே. வேலை போனால் சொல்லாதே. மனம் சோர்ந்தால் சொல்லவே சொல்லாதே. இவ்வாறு வளர்ந்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் வெள்ளைச் சீருடை அணிந்து, இரவு முழுவதும் ஒரு விடுதியின் நோயாளர்களைப் பார்க்கப் போகிறாள். அவ்விடத்தில் மௌனம் நோயாளியைக் கொல்லக்கூடியது.

மறைத்த ஒரு மணிநேரம்

நான் பொறியியல் படித்தவன். கணினித்துறையில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிபவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் பிழை தெரியும்.

வேலையில் சேர்ந்த முதலாண்டில், சோதனைக் கணினி என்று எண்ணி, வாடிக்கையாளரின் உண்மையான தரவுகள் இருந்த வழங்கியில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டேன். இரவு பதினொரு மணி. கண்டவுடன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று ஒரு மணிநேரம் போராடினேன். நள்ளிரவு பன்னிரண்டுக்கு, நாள்தோறும் நடப்பதுபோல், தானியங்கிக் காப்புப்பிரதி எடுக்கப்பட்டது. பழுதான தரவு, நல்ல பிரதியின் மேலேயே எழுதப்பட்டது. பதினொரு மணிக்குச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் மீட்டிருக்கலாம். பன்னிரண்டு மணிக்குப் பின்னர் மீட்க எதுவும் இருக்கவில்லை. என் பிழை பாதி அழித்தது. என் வெட்கம் மீதியை அழித்தது.

மருத்துவமனையிலும் இதுவே நிகழ்கிறது. இன்சுலின் கூடிவிட்டால் உடனே கண்டறிந்து குளுக்கோசு கொடுக்கலாம். ஓப்பியம் வகை வலிநிவாரணி கூடிவிட்டால் நலொக்சோன் என்ற முறிமருந்து உண்டு. குருதி உறைதலைத் தடுக்கும் சில குளிசைகளுக்கு வைட்டமின் கே முறிவாக இருக்கிறது. இவை அனைத்துக்கும் ஒரே நிபந்தனைதான்: யாராவது நேரத்துடன் வாய்திறக்க வேண்டும். தாதி தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் முறிமருந்தின் நேரத்திலிருந்து கழிகிறது. "ஒருவருக்கும் சொல்லாதே" என்று வீட்டில் பழக்கியவர்கள் அந்த நிமிடங்களுக்கும் பொறுப்பாளிகள் அல்லவா?

பழியை ஒருவர் தலையில் கட்டும் வழக்கம்

நாம் மட்டுமா குற்றவாளிகள்? இல்லை. பிழை நேர்ந்தவுடன் ஒரு தலையைத் தேடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது.

2008 டிசம்பர் 24. பாரிஸ் 14ஆம் வட்டாரத்தில் அன்று இயங்கிய சென் வன்சன் து போல் மருத்துவமனை. தொண்டை அழற்சியுடன் அனுமதிக்கப்பட்டிருந்த மூன்று வயதுச் சிறுவனுக்கு, நீரிழப்பை ஈடுசெய்யும் கரைசலுக்குப் பதிலாக மக்னீசியம் குளோரைட்டு நாளத்தினூடாக ஏற்றப்பட்டது. சிறுவன் இறந்தான். நத்தார் இரவில் பிள்ளையைப் பறிகொடுத்த அக்குடும்பத்தின் துயருக்கு ஈடேயில்லை. மருந்தேற்றிய தாதியைக் காவற்றுறை தடுத்து வைத்து விசாரித்தது. நாடு முழுவதும் தாதியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அவை கேட்ட கேள்வி "அவர் தவறிழைக்கவில்லையா?" என்பதல்ல, "அந்த ஒருவர்தானா?" என்பதே. மக்னீசியம் குளோரைட்டு போத்தல் குழந்தைகள் விடுதியில் கைக்கெட்டும் இடத்தில் ஏன் இருந்தது? இரண்டு போத்தல்களை மயங்கவே முடியாதபடி வேறுபடுத்துவது யாருடைய பொறுப்பு?

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ரடோன்டா வோட் என்ற தாதி, பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைத் தானியங்கி மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து ஏற்றினார். 75 வயது மூதாட்டி இறந்தார். எச்சரிக்கைகளைக் கவனியாமல் கடந்தது அவர் குற்றமே. ஆனால் உண்மையை உடனே ஒப்புக்கொண்டவரும் அவரே. அம்மரணத்தை உரிய அரச அமைப்புகளுக்கு அன்று முறையாக அறிவிக்காதது மருத்துவமனை. 2022 மார்ச்சில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் யார்? தாதி மட்டும். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புடன் தண்டனை முடிந்தது. உரிமம் முன்னரே பறிபோயிருந்தது. "இனி உண்மையைச் சொன்னால் சிறையா?" என்று அமெரிக்கத் தாதியர் கேட்ட கேள்வியின் எதிரொலியாக, 2024 இல் கென்டக்கி மாநிலம் மருத்துவப் பணியாளரின் பிழைகளுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டமொன்றை இயற்றியது.

தூரத்து நாடுகள் எதற்கு? 2023 செப்டம்பரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில், காய்ச்சலுக்காக அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் கை, மருந்தேற்றப் பொருத்திய கனூலாவைத் தொடர்ந்து ஏற்பட்ட பாதிப்பால் அகற்றப்பட்டது. தாதி ஒருவர் நாட்டைவிட்டு வெளியேற நீதிமன்றம் தடை விதித்தது. அச்செய்தியைக் கோபத்துடன் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன். அச்சிறுமிக்கு நீதி கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அன்று நான் கேட்காத கேள்விகளை இன்று கேட்கிறேன். அந்த விடுதியில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்? பிள்ளை வலி என்று சொன்னால் அது யாரிடம் போய்ச் சேரும் என்பதற்கு ஒழுங்கு இருந்ததா? கனூலாவை மணிக்கொருமுறை பார்ப்பது எழுத்தில் இருந்த விதியா, வெறும் வாய்ச்சொல்லா? இவற்றுக்கு விடை தேடாமல் ஒருவரைத் தண்டித்தால், அடுத்த சிறுமியின் கையை அந்தத் தண்டனை காப்பாற்றுமா?

2000 மார்ச்சில் பிரித்தானிய மருத்துவ இதழில் இரு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றில் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், விபத்து என்பது பல பாதுகாப்பு அடுக்குகளின் ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும்போது நிகழ்வது என விளக்கினார். கடைசி அடுக்கில் நிற்பவர்தான் தாதி. ஓட்டை அவரிடம் மட்டுமில்லை. கண்ணுக்குத் தெரிபவர் அவர் மட்டுமே. மற்றக் கட்டுரையில் மருத்துவர் அல்பர்ட் வூ, பிழைவிட்ட மருத்துவரை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்றழைத்தார். முதலாவது பாதிப்பு என்றும் நோயாளியுடையதே. ஆனால் இரண்டாமவரைத் தனியே விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சியாட்டில் நகரம் கண்டது. 2010 இல் அங்குள்ள சிறுவர் மருத்துவமனையில், ஒரு குழந்தைக்குக் கால்சியம் குளோரைட்டைப் பத்து மடங்காகக் கொடுத்துவிட்ட தாதி, கண்டவுடன் தானே அதை அறிவித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரிந்தவர். வேலை போயிற்று. 2011 ஏப்ரலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

"அப்படியானால் தண்டனையே வேண்டாமா?"

நியாயமான கேள்வி. நோயாளியின் மகனாக நான் நின்றால் நானும் இதையே கேட்பேன்.

எல்லாப் பிழையும் ஒன்றல்ல. களைப்பிலும் இடையூறிலும் கைதவறுவது ஒன்று. "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று பாதுகாப்பு விதியைக் குறுக்குவழியில் கடப்பது இன்னொன்று. ஆபத்து என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் செய்வது மூன்றாவது. முதலாமவருக்கு ஆறுதலும் ஒழுங்குமுறைத் திருத்தமும் வேண்டும். இரண்டாமவருக்குக் கண்டிப்பான பயிற்சி வேண்டும். மூன்றாமவருக்குத் தண்டனை வேண்டும். இவற்றுடன் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: பிழையை மறைப்பது. அது கைதவறல் அல்ல, ஒரு முடிவு. அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனமில்லை.

ஏனெனில் உண்மையை அறிவது நோயாளியின் உரிமை. பிரான்சில் 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: சிகிச்சையால் பாதிப்பு நேர்ந்தால், அது கண்டறியப்பட்டு அல்லது நோயாளி கோரிப் பதினைந்து நாட்களுக்குள் அதன் சூழ்நிலையையும் காரணத்தையும் அவருக்கு விளக்க வேண்டும். அதே சட்டமே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு பெறும் வழியையும் விரிவாக்கியது. வாயை மூடச் சொல்லும் பெற்றோர், தம் பிள்ளையைக் காப்பதாக எண்ணி இன்னொருவரின் பிள்ளையிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்கிறார்கள்.

விமானத்துறை இதை எப்போதோ விளங்கிக்கொண்டது. 1976 முதல் அமெரிக்காவில் விமானிகள் தம் பிழைகளை நாசா நடத்தும் அமைப்பொன்றிற்கு இரகசியமாக அறிவிக்கிறார்கள். அவ்வறிக்கைகளிலிருந்து பாடங்கள் எடுக்கப்படுகின்றன. நாம் விமானத்தில் அச்சமின்றி உறங்குவதற்கு அந்த ஒப்புதல்களும் ஒரு காரணம்.

மருத்துவமனைகளிடமும் கேட்போம்

பிரான்சில் 2009 இல் வந்த பாடத்திட்டத்தின்படி தாதியர் பயிற்சி மூன்றாண்டுகள். 2100 மணிநேரம் வகுப்பு, 2100 மணிநேரம் களப்பயிற்சி. குறைந்த பயிற்சி அல்ல. ஆயினும் பயிற்சி மாணவிக்கு அருகில் ஒருவர் நிற்பார். பட்டயம் பெற்ற மறுவாரம் அந்த ஒருவர் இருக்கமாட்டார். இந்த அதிர்ச்சியைப் பற்றி மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதிப் பேராசிரியை 1974 இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார். ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும், ஆளில்லை என்ற காரணத்தால், புதியவர்களே இரவுப் பணியில் தனித்து நிறுத்தப்படுகிறார்கள். பிரெஞ்சு சுகாதார அமைச்சின் புள்ளிவிபரப் பிரிவு 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனைத் தாதியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பத்தாண்டுகளுக்குள் மருத்துவமனையையோ தொழிலையோ விட்டுச் செல்கின்றனர். எங்கள் லெ பிளாங்-மெனில் பிள்ளையும் அந்தப் பாதியில் ஒருத்தியாகப் போகவிருந்தாள். அனுபவசாலிகள் போய்விட்டால் அடுத்து வரும் புதியவளுக்கு அருகில் நிற்பது யார்?

இளையோருக்கு

பிழை நேராது என்று எண்ணி வேலைக்குப் போகாதீர்கள். நேரும். நேரும்போது என்ன செய்வது என்பதை இன்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் நோயாளி. மருந்தை நிறுத்துங்கள், நாடி, குருதியழுத்தம், சுவாசம் பாருங்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். "பிழையாகக் கொடுத்துவிட்டேன், மருந்து இது, அளவு இது, நேரம் இது" என்று சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். மேற்பார்வைத் தாதிக்கு அறிவியுங்கள். நடந்ததை நடந்தபடி, நேரத்துடன் நோயாளியின் கோவையில் எழுதுங்கள். எழுதியதைப் பின்னர் ஒருபோதும் மாற்றாதீர்கள். மருத்துவமனையின் பாதக நிகழ்வுப் படிவத்தை நிரப்புங்கள். அது உங்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகை அல்ல. அடுத்த போத்தல் வேறு தட்டுக்கு மாறுவதற்கான வழி. நோயாளிக்கு எப்படிச் சொல்வது என்பதை மருத்துவருடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அதன் பின்னர் உங்களைக் கவனியுங்கள். அரச மருத்துவமனையில், பணியின்போது நேரும் பிழைக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பொதுவாக நிறுவனத்தையே சாரும். பணியிலிருந்து பிரித்துப் பார்க்கத்தக்க தனிப்பட்ட தவறு மட்டுமே விலக்கு. குற்றவியல் பொறுப்பு தனிநபருடையது. ஆனால் அரச ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தொழிற்சங்கத்திடமும் தாதியர் மன்றத்திடமும் ஆலோசனை பெறுங்கள். தொழில்சார் மருத்துவரைச் சந்திக்கக் கூச்சப்படாதீர்கள். உறக்கம் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், எந்த நேரமும் 3114 என்ற இலவச இலக்கத்தை அழையுங்கள்.

பெற்றோருக்கும் எமது அமைப்புகளுக்கும்

திருக்குறளை மேடைக்கு மேடை முழங்குகிறோம். அதன் 95ஆம் அதிகாரமாகிய "மருந்து" முடியும் இடத்தில், மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக, நோயாளியின் அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் வள்ளுவர் வைத்தார். மருத்துவருக்கு இணையாக ஒரே வரிசையில் வைத்தார். நாமோ "டொக்டருக்குக் கிடைக்கேல்லையா, நேர்ஸ்தானா?" என்று கேட்கிறோம்! தொழிலையே இரண்டாந்தரமாகப் பார்க்கும் வீட்டில், அத்தொழிலில் நேர்ந்த பிழையைப் பிள்ளை எந்த முகத்துடன் சொல்வாள்?

எமது அமைப்புகள் ஆண்டுதோறும் பட்டயம் பெற்றவர்களுக்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்துகின்றன. நன்று. அத்துடன் இன்னொன்றையும் செய்யட்டும். பத்து, இருபது ஆண்டுகள் பணிபுரிந்த தமிழ்த் தாதியர் இந்நகரில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, லா சப்பலில் ஓர் அறையில், அவர்களையும் புதியவர்களையும் ஒன்றாக அமர்த்துங்கள். ஒலிவாங்கி வேண்டாம், நிழற்படம் வேண்டாம். மூத்தவர் முதலில் தாம் விட்ட பிழையைச் சொல்லட்டும். நோயாளியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். இளையவர் பின்னர் தாமாகவே வாய்திறப்பார்.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. இரவுப் பணி முடிந்து பிள்ளை முகம் வாடி வந்து அமர்ந்தால், "என்ன பிழை விட்டனி?" என்று கேட்காதீர்கள். தேநீர் ஒன்றை வைத்துவிட்டு, நீங்கள் வேலையில் விட்ட ஒரு பிழையை முதலில் சொல்லுங்கள். நாம் எல்லோரும் விட்டிருக்கிறோம்.

அந்தத் தந்தையாருக்குக் கணினிப் படிப்பு எதையும் நான் தேடிக்கொடுக்கவில்லை. அழித்துவிட்ட அந்தத் தரவின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், லா சப்பல் சமையலறையில் தான் சேர்ந்த முதல் வாரத்தில் எரிவாயுவை மூட மறந்து போன இரவைச் சொன்னார். இருபது ஆண்டுகளாக யாருக்கும் சொல்லாத கதை. "வீட்டை போய்ச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னாராம். அப்பிள்ளை இன்னும் அதே விடுதியில்தான் இருக்கிறாள். மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது இன்னமும் பெயரை இருமுறை வாசிக்கிறாளாம்; கை நடுங்குவது குறைந்திருக்கிறதாம்.

வாய்மூடி உயிர்காத்த காலம் எமது காலம். எமது பிள்ளைகள் வாய்திறந்து உயிர்காக்கட்டும். அதற்குத் தடையாக நாம் நிற்க வேண்டாம்.